ஒன்றேகால் அங்குலக் கறுப்பு

அத்தியாயம் 17

"பார்லர்ல ஊரான் தலையையெல்லாம் பார்த்தவ, சொந்தப் புருஷன் மாத்திரையைப் பார்க்கல."

போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன வாக்கியம் இது. தன் வீட்டுக் கூடத்தில், காபிக் கோப்பையும் கையுமாகப் பதினோரு உறவினர்கள் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசத் தெரியும்.

வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றவள் அவருடைய தம்பி மனைவி. தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ரெண்டு நாற்காலி போட்டு பார்லர் நடத்துகிறவள். நாத்தனார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. பார்லர்க்காரி என்பதுதான் வழக்கம். நாமும் அப்படியே கூப்பிடலாம். அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

சங்கதி இதுதான். அவள் புருஷன் பஸ் டிரைவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கிட்னியில் கேன்சர் என்று தெரிந்தபோதே அது நுரையீரலுக்கும் போயிருந்தது. ஒரு கிட்னியை எடுத்தார்கள். அப்புறம் மஞ்சள் காப்ஸ்யூல் கொடுத்தார்கள். கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கும் மருந்து. நாலு வாரம் தினம் ஒன்று, ரெண்டு வாரம் ஓய்வு, மறுபடி நாலு வாரம். உள்ளங்கை உரிந்தது, வாய் வெந்தது, ஆனால் நுரையீரலில் இருந்த புள்ளிகள் அடங்கிக் கிடந்தன.

மூன்று மாதத்துக்கு முன்னால், பார்லரின் டை நெடி குமட்டுகிறது என்று டிரைவர் அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் புள்ளிகள் பெரிதாகியிருந்தன.

ஹெட்மிஸ்ட்ரஸ் உடனே ஒரு டைரியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். தன் வீட்டில் ஒரு நாள் தவறாமல் காப்ஸ்யூல் கொடுத்ததற்கு அதில் டிக் போட்டிருந்தது. அப்படியானால் தப்பு முந்தின வருஷத்தில், பார்லர்க்காரி கையில்தான் நடந்திருக்க வேண்டும். கஸ்டமருக்கு நடுவில் எத்தனை நாள் மறந்தாளோ, அதன் வினைதான் இப்போது தலைதூக்குகிறது என்றார். பதினோரு பேரும் தலையாட்டினார்கள்.

டிரைவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பார்லர்க்காரி அழவில்லை. கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயாலேயே விழுங்க வைக்காமல் விடுவதில்லை என்று கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள். வழிதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வழி தெரிந்தது.

●

டிரைவர் முந்தின நாள் சாயங்காலம்தான் வீடு திரும்பியிருந்தார். பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்றைக்கு மருந்தை மாற்றப்போகிறார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் தலையோடயா டாக்டர்கிட்ட வரப்போறீங்க?" என்றாள். "உக்காருங்க, ஓரத்தையாவது எடுத்து விடறேன்."

பார்லர் இன்னும் திறக்கவில்லை. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, அவரை ரெண்டாவது நாற்காலியில் உட்காரவைத்துத் துணியைக் கழுத்தில் கட்டினாள். மூன்று மாதமாகக் கத்திரி படாத தலை. உச்சியில் ஒரு கற்றையைச் சீப்பில் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மஞ்சள் காப்ஸ்யூலுக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிடுகிற வாரங்களில் முளைக்கிற முடி வெள்ளையாக வரும். ஓய்வு வாரங்களில் மறுபடி கறுப்பாக வரும். முதல் தடவை கொடுக்கும்போதே டாக்டர் சொன்னதுதான், அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறக்க முடியாதவள் ஒருத்திதான். அந்த வருஷம் முழுக்கப் புருஷன் முடியை வெட்டியவள் அவள். அரை அங்குலம் வெள்ளை, கால் அங்குலம் கறுப்பு, மறுபடி அரை அங்குலம் வெள்ளை. "என்ன வரிக்குதிரை, இன்னைக்கு எத்தனை கோடு?" என்று கேட்டுச் சிரித்தபடி வெட்டிய நாள்கள் உண்டு.

இப்போது சீப்பில் நிற்கிற கற்றையின் நுனியில் அந்த வரிகள் இருந்தன. வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அதற்குக் கீழே வேர் வரைக்கும் வெறும் கறுப்பு.

அவளுடைய சீப்பின் முதுகில் அங்குலக் கோடுகள் உண்டு. வைத்துப் பார்த்தாள். ஒன்றேகால் அங்குலம். இன்னொரு இடத்தில் தூக்கினாள். ஒன்றேகால். காதுக்குப் பின்னால் தூக்கினாள். அங்கேயும் அதே. மூன்று மாதத்து வளர்ச்சி அது.

மூன்று மாதமாக இந்த உடம்புக்குள் காப்ஸ்யூல் போகவே இல்லை.

"என்ன, கத்திரிச் சத்தத்தையே காணோம்?" என்றார் டிரைவர்.

"தலையை ஆட்டாதீங்க."

அவர் கையைப் பார்த்தாள். துணிக்கு மேல் மடியில் கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் உரிந்து சிவந்து, சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. இப்போது நல்ல தோல் மூடியிருந்தது. நாத்தனார் போனில் பெருமையடித்தது காதில் ஒலித்தது. "என் சாப்பாடும் என் கவனிப்பும்மா. கை எப்படி ஆறியிருக்கு தெரியுமா? தலைகூடக் கறுத்துடுச்சு. எங்க வம்சத்துல யாருக்கும் சீக்கிரம் நரைக்காது, நீதான் அவனை நரைக்க வச்ச." அன்றைக்கு அவளும் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். இப்போது தலையில் ரெண்டு தட்டுத் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாத்தனார் காப்ஸ்யூலைக் கொடுக்கவில்லை. டைரியில் டிக் மட்டும் போட்டிருக்கிறார். தம்பி கை உரிவதைப் பார்க்கப் பொறுக்காமல் நிறுத்தினாரோ, டாக்டரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நிறுத்தினாரோ. காரணம் எதுவாக இருந்தாலும் பார்லர்க்காரிக்குக் கவலையில்லை. பதினோரு பேர் முன்னால் தன்னைக் கொலைகாரி ஆக்கிய பொம்பளை கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள், அவளுக்கு அது போதும்.

புருஷனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் அக்காவைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை. கேட்டால் மழுப்புவார், அக்காவுக்குப் போன் போட்டு எச்சரிப்பார். உச்சியிலிருந்து ஒரு கற்றையை வேரோடு ஒட்ட வெட்டி, நூலால் கட்டி, ஒரு கவரில் போட்டாள்.

"எதுக்கு அதை எடுத்து வைக்கற?"

"ஞாபகத்துக்கு."

கை கழுவிவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள். குரலில் தேன் தடவியிருந்தாள்.

"அக்கா, டாக்டர் இன்னைக்கு மருந்து மாத்தறார். எனக்கு என்ன தெரியும், அவர் சொல்றது பாதி புரியறதில்ல. நீங்க கட்டாயம் வரணும்."

"நான் வராம நீ என்னத்தைக் கேக்கப்போற?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "டைரியை எடுத்துட்டு வரேன். மிச்சக் காப்ஸ்யூலும் இங்கதான் இருக்கு. எந்த வீட்டுல ஒழுங்கா நடந்துச்சு, எந்த வீட்டுல நடக்கலைன்னு டாக்டரே பார்க்கட்டும்."

"பார்க்கட்டும் அக்கா. டாக்டரே பார்க்கட்டும்."

●

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் உட்காரப் பத்து நாற்காலியும் நிற்க முப்பது பேரும் இருந்தார்கள். இவர்களுக்கு இருபத்திமூன்றாம் டோக்கன். பதினொன்றரைக்குப் பதினெட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. பார்லர்க்காரி கவர் இருந்த பையை மடியில் வைத்து, ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் வந்து டிரைவருக்கு பிரஷர் பார்த்தாள். "நூத்தி இருபதுக்கு எண்பது. சூப்பர் சார். எப்பவும் நூத்தம்பதுல நிப்பீங்களே."

டிரைவர் தரையைப் பார்த்தார். பார்லர்க்காரி லிஃப்ட் கதவைப் பார்த்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ இறங்கினார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் இறங்கவில்லை. இருபத்தொன்று போயிற்று. இருபத்திரண்டு போயிற்று.

"எங்க இருக்கீங்க அக்கா?"

"பாலத்து மேல நிக்கறேன். முன்னாடி ஏதோ லாரி கவுந்திருக்காம். வந்துடுவேன்."

"இருபத்திமூணு" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் சின்ன அறையில் பெரிய மேஜையோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார், பேசினால் தெளிவாகப் பேசுவார். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, இது ஜனவரி, இது இப்போது என்று ரெண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"பழைய மருந்துக்கு நோய் பழகிடுச்சுன்னுதான் நினைக்கறேன். அது ஒரு பாதையை அடைச்சா, கட்டி வேற பாதை கண்டுபிடிச்சுக்கும். அதனால வேற மருந்துக்குப் போறோம். இதுவும் வீட்டுல சாப்பிடற மாத்திரைதான், ஆனா அடைக்கற பாதை வேற. பேதி ஜாஸ்தி இருக்கும், பிரஷர் ஏறும், களைப்பு இருக்கும்."

"அதுவும் கேக்கலைன்னா, டாக்டர்?" என்று டிரைவர் கேட்டார்.

"அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு இருக்கு. ஆனா முடிவே இல்லாம வரிசையா இருக்குன்னு நினைக்காதீங்க. ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா, விட்டது பெரும்பாலும் விட்டதுதான். அதனாலதான் ஒவ்வொண்ணையும் முழுசா உபயோகப்படுத்திட்டுத்தான் நகருவோம்."

பார்லர்க்காரிக்குச் சுரீர் என்றது. இந்த மனிதர் உபயோகப்படுத்தவே இல்லையே. கவரை எடுத்து மேஜையில் வைக்க வேண்டியதுதான். ஒரு நிமிஷ வேலை. வாய் வரைக்கும் வந்தது.

ஆனால் யாருக்கு முன்னால் வைப்பது? அந்த வாக்கியம் பதினோரு பேர் முன்னால் சொல்லப்பட்டது. இதை இந்த மூடிய அறையில் சொன்னால், நாத்தனார் நாளைக்கு வேறு கதை கட்டிவிடுவார். அந்த முகம் இங்கே, இந்த வெளிச்சத்தில், டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். அதில் ஈயாடாமல் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"பேதி வந்தா என்ன பண்ணணும் டாக்டர்?" என்றாள் அவள். அவர் சொன்னார். "பிரஷர் எத்தனை தடவை பார்க்கணும்?" அதையும் சொன்னார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" "அதை எழுதித் தரேம்மா" என்றவர் எழுதவே ஆரம்பித்துவிட்டார். அவள் கதவைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். புது மருந்தின் பெயர் முழுசாக விழுந்தது. அளவு விழுந்தது. கையெழுத்து விழுந்தது. டாக்டர் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"இன்னையோட பழைய காப்ஸ்யூலை நிறுத்திடுங்க" என்று சொல்லி மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது இருபத்திநாலாம் டோக்கன் இல்லை. மூச்சிரைக்க, ஒரு கையில் கைப்பையும் இன்னொரு கையில் டைரியுமாக ஹெட்மிஸ்ட்ரஸ்தான் நின்றார்.

"மன்னிக்கணும் டாக்டர், வழியில மாட்டிக்கிட்டேன். நான் இவனோட அக்கா. நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். என் வீட்டுல மூணு மாசம், ஒரு வேளை தப்பினதில்ல."

பார்லர்க்காரி எழுந்து தன் நாற்காலியை நாத்தனாருக்குத் தள்ளினாள். "உக்காருங்க அக்கா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

கவரிலிருந்து கற்றையை எடுத்து டாக்டர் மேஜையில், வெள்ளைத் தாளின் மேல் வைத்தாள். பக்கத்தில் சீப்பை வைத்தாள்.

"இது இவர் தலை முடி. இன்னைக்குக் காலைல வெட்டினேன். வேர் இந்தப் பக்கம். மருந்து சாப்பிட்டா வெள்ளையா முளைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. இந்த நுனியில பாருங்க, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இது என் வீட்டுல இருந்தப்ப வளர்ந்தது. ஒரு கோடு தப்பல. இது அவங்க வீட்டுல வளர்ந்தது. ஒன்றேகால் அங்குலம். ஒரு வெள்ளை இருந்தா காட்டச் சொல்லுங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டிரைவரின் தலையைப் பார்த்தார். நர்ஸ் எழுதி வைத்திருந்த பிரஷர் எண்ணைப் பார்த்தார்.

"நூத்தி இருபது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இதைப் பார்த்து நான் சந்தோஷமில்ல பட்டேன். காப்ஸ்யூல் உள்ள போனா பிரஷர் ஏறியில்ல இருக்கணும்."

"தலை கறுத்துடுச்சுன்னு பெருமைப்பட்டீங்களே அக்கா" என்றாள் பார்லர்க்காரி. குரல் உயரவில்லை. இந்த நிமிஷத்தை அவள் காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். "கை ஆறிடுச்சுன்னு பெருமைப்பட்டீங்களே. மருந்து போகல, அதான் ஆறிடுச்சு. நான் ஊரான் தலையைப் பார்த்தவதான். புருஷன் தலையையும் பார்த்துட்டேன். இப்ப சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வெளிறியது. பார்லர்க்காரி எதிர்பார்த்த வெளிறல் அது இல்லை. மாட்டிக்கொண்ட முகத்தை அவளுக்குத் தெரியும். சாயம் போட்டு மறைத்துவிட்டு இல்லை என்று சாதிக்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். இது ஏமாந்த முகம்.

"நான் கொடுத்தேன்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரல். "தினம் ஏழரைக்கு நானே பிரிச்சு, நானே தண்ணி கொடுத்து, பக்கத்துல நின்னு… தம்பி, சொல்லுடா. நான் கொடுத்தேனா இல்லையா?"

வெளியே இருபத்திநாலாம் டோக்கன் கதவைத் தட்டிவிட்டுப் போனது.

"அக்கா கொடுத்தா" என்றார் டிரைவர். "நான் முழுங்கல."

ஒதுக்கி வைத்துக்கொள்வாராம். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில். அக்கா டைரியை எடுக்கத் திரும்பியதும் பால்கனிக்குப் போய்த் தொட்டியில் துப்பி, விரலால் மண்ணைத் தள்ளிவிடுவாராம்.

"அதான் அந்தச் செடி பட்டுப்போச்சா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அப்படி ஒரு நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவருக்கு அதுதான் வந்தது. "தண்ணி ஊத்தற பொண்ணை எவ்வளவு திட்டினேன்."

பார்லர்க்காரி சீப்பை எடுத்துப் பைக்குள் போட்டாள். ரெண்டு நாள் தீட்டி வைத்த கத்தி, வெட்ட ஆளில்லாமல் கையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டி தலையில் பழி விழுந்தது, பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அக்கா தலையில் விழுந்தது, கடைசி நிமிஷம் வரைக்கும் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கி நாலாகக் கிழித்தார்.

"இந்த மருந்து தோத்துப்போகல. அது வேலை செய்ய நீங்க விடவே இல்ல. ரத்தம் பார்த்துட்டு இன்னைக்கே பழைய காப்ஸ்யூலை ஆரம்பிக்கறோம். கையெரிச்சலுக்கு அளவைக் கொஞ்சம் குறைக்கறேன். ரெண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுங்க. எட்டு வாரம் கழிச்சு ஸ்கேன். அப்பவும் அடங்கலைன்னா மாத்தலாம். மூணு மாசத்துல விட்டதை முழுசாப் பிடிக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது. கை எரியுது, முடியலைன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே சரிபண்ணியிருப்பேன் சார்." பிறகு பார்லர்க்காரி பக்கம் திரும்பினார். "நீங்க இந்த முடியை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"எட்டு மணிக்கு."

"இப்ப பன்னெண்டேகால். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு மணியும் அடிச்சுட்டேன். எதுக்கும்மா காத்திருந்தீங்க?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இவங்க வரட்டும்னு" என்றாள்.

"அவங்க பாலத்து மேலயே நின்னிருந்தா?"

அவள் கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். காது ரெண்டும் எரிந்தன. சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். கதவைத் தாண்டுவதற்குள் எப்படியும் சொல்லியிருப்பேன். அதை அவளாலேயே முழுசாக நம்ப முடியவில்லை.

டாக்டர் அதோடு விட்டார். டிரைவரிடம் கேட்டார். "ஏன் நிறுத்துனீங்க? வலி தாங்கலையா?"

"வலியைத் தாங்கினேன் டாக்டர். ஒரு வருஷம் தாங்கலையா." டிரைவர் தன் பத்து விரலையும் மேஜை மேல் விரித்து வைத்தார். "ரேகை போயிடுச்சு. மெஷின்ல எந்த விரலை வச்சாலும் சிவப்பு லைட்தான் எரிஞ்சுது. பத்து விரலும் வச்சுப் பார்த்தோம். மருந்து விட்டா தோல் திரும்ப வரும்னு இங்க ஒரு நர்ஸ் எப்பவோ சொன்னாங்க. விட்டுப் பார்த்தேன். ஏழு வாரத்துல வந்துடுச்சு. மறுபடி வச்சப்ப பச்சை லைட் எரிஞ்சுது."

"அதுக்கப்புறம் ஆரம்பிச்சிருக்கலாமே?"

"அப்புறம்… ஸ்பூன் பிடிக்க முடிஞ்சுது. பொத்தான் நானே போட்டுக்கிட்டேன். திரும்ப அந்தக் கையை வாங்கிக்க மனசு வரல."

அந்த ஒரு வாக்கியத்துக்காக யாராக இருந்தாலும் அவரை மன்னித்திருப்பார்கள். பார்லர்க்காரியும் மன்னித்திருக்கக்கூடும். ஆனால் அவள் காது வேறொரு வார்த்தையில் நின்றுவிட்டது. வைத்துப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. வைத்துப் பார்த்தோம் என்றார்.

"எந்த மெஷின்?" என்று கேட்டாள்.

அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"எந்த மெஷின்னு கேட்டேன்."

"பத்திர ஆபீஸ்ல."

ஹெட்மிஸ்ட்ரஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பார்லர்க்காரி அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்னால் அந்த முகம் ஏமாந்த முகமாக இருந்தது. இப்போது இருப்பதுதான் அவள் காலையிலிருந்து காத்திருந்த முகம்.

"ரெண்டு தடவையும் நீங்கதானே அக்கா கூட்டிட்டுப் போனீங்க?"

ஹெட்மிஸ்ட்ரஸ் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"முதல் தடவை எடுக்காத விரல் ரெண்டாவது தடவை எப்படி எடுத்துச்சுன்னு உங்களுக்குக் கேக்கத் தோணலையா? முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்க திருட்டுத்தனத்தையெல்லாம் மோப்பம் பிடிச்சவங்க நீங்க. கையில ரேகை வந்திருக்கு, தலை கறுத்திருக்கு, ஒரு நாள்கூடச் சந்தேகம் வரலையா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் நிமிரவில்லை. "வேலை முடிஞ்சா சரின்னு இருந்துட்டேன்" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் இவ்வளவு சின்ன வாக்கியம் பேசியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைவிட இது சின்னது. அது தனக்கு ரொம்ப நேரம் இனிக்கும் என்று பார்லர்க்காரி நினைத்திருந்தாள். இனிக்கவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது.

●

ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வந்து, டாக்டர் சரி என்று தலையாட்டியபோது மணி மூன்று. குறைந்த அளவு காப்ஸ்யூலைக் கீழே மருந்துக் கடையில் வாங்கினார்கள். அங்கேயே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பார்லர்க்காரி ஒன்றைப் பிரித்தாள்.

"வாயைத் திறங்க."

"நானே போட்டுக்கறேன்."

"உங்களை நம்பற காலம் போயாச்சு. திறங்க."

போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். முழுங்கினார்.

"நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கம் கன்னம். அந்தப் பக்கம்." விரலை விட்டுத் துழாவினாள். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். "இனிமே தினம் காலைல எட்டு மணிக்கு ரெண்டாவது நாற்காலி. கஸ்டமர் இருந்தாலும் சரி, அவங்க முன்னாடி வாயைத் திறந்து காட்டணும். நெடி குமட்டினா மூக்கைப் பிடிச்சுக்கங்க. உங்களை அவ்வளவு சுலபமாப் போக விடமாட்டேன். நீங்க இருந்து எனக்குப் பதில் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் அவர். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"எது வீடு? பத்திரம் போட்டதே அந்த வீட்டுக்குத்தானே?"

அவர் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினார். அவளுடைய ரெண்டு நாற்காலியும் ரெண்டு கண்ணாடியும் பதினெட்டு வருஷத்து உழைப்பும் இருக்கிற வீடு அது, பத்திரம் மட்டும் அவர் பேரில். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"யார் பேருக்கு?"

புருஷன் அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பேராசை இருந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும், தயாராகவும் இருந்தாள். அதில் இருந்தது பயம். ரெண்டு பேருக்கும் ஒரே பயம்.

அவள் வாசலுக்கு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்திர ஆபீஸ் ஐந்து மணி வரை திறந்திருக்கும். தெருவில் வந்த டாக்சிக்குக் கை காட்டி, முதலில் புருஷனை ஏற்றினாள். அடுத்து நாத்தனாருக்குக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க அக்கா. மூணாவது தடவையா எனக்கும் அந்த இடத்தைக் காட்டுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தொட்டார். கை சில்லென்று இருந்தது.

"வேண்டாம்மா. அந்தப் பேரை நீ பார்க்க வேண்டாம். பார்த்தா நீ என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்ட."

பார்லர்க்காரி அந்தக் கையை மெல்ல எடுத்து, கைப்பையின் மேல் வைத்தாள்.

"இப்ப மட்டும் மன்னிச்சிட்டேன்னு யார் சொன்னது?" என்றாள். டாக்சிக்காரருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பத்திர ஆபீஸுக்கு விடச் சொன்னாள்.